கழுத்தில் ஒரு கோடு

கடலூர், விடிவதற்கு முன்

ஊர் இன்னும் எழவில்லை. தேவனாம்பட்டினம் பக்கமிருந்து படகு இஞ்சின் சத்தம் விட்டுவிட்டுக் கேட்கிறது. திரையில் ஒரு பெண் நிற்கிறாள். நாற்பதைக் கடந்த மீன்காரம்மா. ஒரு கணினி விளையாட்டில், கடலோரத் தெருவொன்றில், தலையில் அலுமினியக் கூடையோடு நடந்துபோவாள். ஆடுபவர் அருகில் வந்தால் திரும்பிப் பார்ப்பாள். அவ்வளவுதான் அவளுக்கு வேலை. எனக்கு அவளுடைய தோலில் வேலை.

முகம் ஒரு கோப்பு, உடம்பு இன்னொரு கோப்பு. முகத்தை யாரோ ஸ்டுடியோ விளக்கில் எடுத்த புகைப்படத்திலிருந்து செய்திருக்கிறார்கள். உடம்பு வேறொருவர் கையால் வரைந்தது. இரண்டும் சேரும் இடத்தில், தாலிக்கயிறு கிடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஒரு கோடு. கோட்டுக்கு மேலே ஒருத்தி, கீழே இன்னொருத்தி.

நேற்று இரவு அம்மா தண்ணீர்ச் செம்போடு பின்னால் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "மூஞ்சி நல்லாத்தான் இருக்கு. கை யாரோடதுடா?" என்றாள். படுக்கப் போய்விட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

வேலைக் குறிப்பில் ஒரே வரி: உடம்பை முகத்துக்குப் பொருத்தவும்.

*

டெக்ஸ்சர் என்பது உருவத்தின்மேல் போர்த்தும் படம். அதைத் தட்டையாக விரித்துப் பார்த்தால் தையல்காரர் மேசைதான் நினைவுக்கு வரும். ரவிக்கைத் துணியை வெட்டிப் பரப்பியதுபோல முதுகு ஒரு துண்டு, கை இரண்டு துண்டு, உள்ளங்கால் ஓரமாகத் தனியே. முகம் மட்டும் காதிலிருந்து காதுவரை இழுத்து அகட்டியதுபோல விகாரமாகக் கிடக்கும். முதன்முதலில் அப்படி ஒரு முகத்தைப் பார்த்தபோது எனக்குப் பயமாக இருந்தது. இப்போது அதில்தான் மனம் ஒன்றுகிறது. உருண்டு நிற்கும்போது ஒளிந்துகொள்பவையெல்லாம் விரித்துப் போட்டால் தெரிந்துவிடுகின்றன.

கன்னத்தில் ஒரு விரல்நக அளவு இடத்தின் சராசரியை எடுக்கிறேன். சிவப்பு 206, பச்சை 162, நீலம் 134. முன்கையில் அதேபோல: 128, 84, 60. தாளில் எழுதி வைக்கிறேன். திரையில் பார்த்த நிறத்தைக் கண் மறந்துவிடும், எண் மறக்காது.

*

மஞ்சக்குப்பத்தில் ஒரு பிரவுசிங் சென்டர். பள்ளிக்கூட நாள்கள். வைஸ் சிட்டி விளையாட்டு கணினிக்கு வந்தது 2003இல். எங்களிடம் ஓரிரு வருஷம் தள்ளி வந்து சேர்ந்தது. அதில் 'ஸ்கின்ஸ்' என்றொரு அடைவு இருந்தது. ஒரு பிஎம்பி படத்தை அதற்குள் போட்டால் போதும், கதாநாயகன் டாமி வேறு சட்டையில் வருவான், வேறு முகத்தில் வருவான். ஒரே சதுரப் படத்தில் முகம், சட்டை, கால்சட்டை, கை எல்லாம். வாரப் பத்திரிகை அட்டையிலிருந்து நடிகர் முகத்தை ஸ்கேன் செய்து ஒட்டுவோம். பெயிண்டில்தான். முகம் நம்மூர் நிறத்தில் இருக்கும், கை டாமியுடைய இளஞ்சிவப்புக் கை.

அப்போது நான் என்ன செய்தேன் என்பது இன்று அதிகாலை நினைவுக்கு வந்தது. முகத்தை வெளுத்தேன். கை அப்படியே இருக்கட்டும் என்று, எங்கள் நடிகரின் முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றி, கையோடு சேர்த்தேன். நண்பர்கள் சூழ்ந்து நின்று, "சூப்பர்டா, ஒட்டினதே தெரியல" என்றார்கள்.

இப்போது முகம் வெளிறியிருக்கிறது, கை கறுத்திருக்கிறது. இந்த முறை கையை மேலே ஏற்றச் சொல்கிறார்கள். அன்று முகம் மாறியது, இன்று கை மாறவேண்டும். எது கறுப்போ அதுதான் இரண்டு முறையும் இடம் பெயர்கிறது. இருபது வருஷமாக இதை நான் கவனிக்கவே இல்லை.

*

சிதம்பரத்தில் பெரியமாமா வைத்திருந்த போட்டோ ஸ்டுடியோவை நினைக்கிறேன். கீழ வீதிப் பக்கம், மாடியில். கறுப்பு வெள்ளைக் காலம். நான் பார்த்ததெல்லாம் அதன் கடைசி வருஷங்களை. சாய்வான மேசை ஒன்று, நடுவில் பாலேட்டுக் கண்ணாடி, அடியில் விளக்கு. நெகடிவை அதன்மேல் வைத்து, ஊசிபோலச் சீவிய பென்சிலால் முகத்தைத் தொடுவார். டச்சிங் என்பார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, கமா கமாவாக. நெகடிவில் எங்கே பென்சில் படுகிறதோ அங்கே ஒளி குறைவாக ஊடுருவும். அச்சில் அந்த இடம் வெளுத்து வரும். அம்மைத்தழும்பு மறையும், கண்ணுக்குக் கீழே குழி மறையும், மொத்தமாக முகமே ஒரு படி ஏறிவிடும்.

பெண் பார்க்க அனுப்பும் படமென்றால் கூடவே வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போவார்கள்: "கொஞ்சம் செவப்பா வரட்டுங்க." மாமா மறுத்து நான் கேட்டதில்லை. ஆனால் அவர் கையைத் தொடமாட்டார். கைக்கு யார் நேரம் செலவழிப்பார்கள்? அதனால் எங்கள் வீட்டு ஆல்பத்தில் எல்லாப் பெண்களுக்கும் ஒரு கோடு உண்டு. அத்தை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், பவுடர் பூசி, பென்சில் தடவி, நிலாபோல ஒரு முகம். மடியில் இரண்டு கைகள். வயலில் நாற்று நட்ட கைகள். அவை அவளுடையவை என்று படம் ஒத்துக்கொள்ளவே இல்லை.

பிறகு கலர் வந்தது. கோடாக் நிறுவனம் கலர் லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பாள். அவள் பெயரிலேயே அதை ஷெர்லி கார்டு என்றார்கள். அவள் தோல் சரியாக வந்தால் இயந்திரம் சரி. அவளுக்குச் சரியானது அத்தைக்கும் சரிதானா என்று கேட்க அந்த அட்டையில் இடமில்லை.

அளவுகோல்களின் கதையும் இப்படித்தான். 1975இல் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற தோல் மருத்துவர் தோலை வகைப்படுத்தினார்; ஒளிச் சிகிச்சைக்கு எவ்வளவு புற ஊதாக் கதிர் கொடுக்கலாம் என்று தெரிய. முதலில் வெள்ளைத் தோலுக்கு மட்டுமே நான்கு வகை. பழுப்பும் கறுப்பும் ஐந்து, ஆறு என்று பின்னால் சேர்ந்தன. 2015இல் கைபேசியின் எமோஜிகளுக்கு ஐந்து தோல் நிறம் வந்தபோது அடிப்படை இந்த அளவுகோல்தான். 2022இல் எல்லிஸ் மாங்க் என்ற சமூகவியலாளரின் பத்து நிற அளவுகோலை கூகுள் வெளியிட்டது. பத்து என்பது ஆறைவிட நல்லது. மீன்காரம்மாவின் கை அதில் எங்கேயோ ஏழுக்குப் பக்கத்தில் விழும்.

*

முடிவு செய்துவிட்டேன். முகத்தைக் கைக்குக் கொண்டுவருகிறேன். குறிப்புக்கு நேர்மாறாக. ஏன் என்று விளக்கி ஒரு கடிதமும் அனுப்புவேன். ஏற்பார்களா என்பது பிறகு.

வெளிச்சத்தைக் குறைக்கும் பட்டையை இழுத்தால் வேலை முடிந்துவிடாது. கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். 206 என்ற சிவப்பை 128க்கு இறக்கவேண்டுமென்றால், ஏறத்தாழ நூற்றுக்கு 62. மற்ற இரண்டையும் அதே விகிதத்தில் இறக்கினால் 128, 100, 83 வரும். அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். சாம்பல் பூத்த தோல். காய்ச்சலில் பத்து நாள் கிடந்தவள்போல ஆகிவிட்டாள்.

நம் தோலைக் கறுக்கவைப்பது மெலனின். அது எல்லா ஒளியையும் ஒரே மாதிரி விழுங்குவதில்லை. நீலத்தை அதிகம் விழுங்கும், பச்சையை அதைவிடக் குறைவாக, சிவப்பை இன்னும் குறைவாக. அதனால் கறுப்பு என்று நாம் சொல்லும் தோலுக்குள் ஒரு கங்கு எப்போதும் இருக்கிறது. முன்கையின் எண்களே அதைச் சொல்கின்றன: சிவப்பு 62 விழுக்காடு மிஞ்சினால் பச்சை 52, நீலம் 45. கர்வ்ஸ் கருவியில் மூன்று வளைவுகளையும் தனித்தனியே பிடித்து, சிவப்பைக் கொஞ்சம், பச்சையை அதற்கும் மேல், நீலத்தை நன்றாக அழுத்தினேன். முகத்தில் ரத்தம் வந்தது.

வளைவை மெதுவாகத்தான் தொடவேண்டும். 128 என்ற எண் 255இல் பாதி. ஆனால் திரை காட்டும் ஒளி பாதியல்ல, ஐந்தில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். கண்ணுக்கு இதமாக அப்படி அமைத்திருக்கிறார்கள். இருட்டுப் பக்கத்தில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவே மிக மெல்லிய இடைவெளிதான். கைவிரல் தடித்தால் கண்குழி முழுக்க மை.

பிறகு மினுக்கம். மூக்கு நுனியில், நெற்றியில், கன்னமேட்டில் வரும் வெள்ளொளி தோலின் நிறமல்ல. எண்ணெயும் வியர்வையும் வெளிச்சத்தை அப்படியே திருப்பி அனுப்புவது. அதற்குத் தோல் நிறம் தெரியாது. கறுத்த முகத்தில் அது வெளுத்த முகத்தில் இருப்பதைவிட எடுப்பாகத் தெரியும். மொத்தப் படத்தையும் ஒன்றாக இறக்கினால் மினுக்கமும் பழுப்பாகி, முகம் மண்பானைபோல ஆகிவிடும். அதை மாஸ்க் போட்டுத் தனியே காத்தேன். உதட்டையும், காதுமடலையும், கண்ணோரத்தையும் தனியே. அங்கெல்லாம் ரத்தம் தோலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இதைத் தானாகச் செய்ய வழி உண்டு. 2001இல் எரிக் ரெய்ன்ஹார்டும் மூன்று சகாக்களும் ஒரு முறை எழுதினார்கள். ஒரு படத்தின் நிறங்களின் சராசரியையும் அவை எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதையும் கணக்கிட்டு, இன்னொரு படத்தை அதே சராசரிக்கும் சிதறலுக்கும் நகர்த்துவது. வெளிச்சம் ஓர் அச்சு, நிறம் இரண்டு அச்சு என்று பிரித்துக்கொண்டு செய்வார்கள். போட்டோஷாப்பில் 2003இல் வந்த 'மேட்ச் கலர்' கட்டளையைத் திறக்கும்போது எனக்கு இந்தக் கணக்குத்தான் ஞாபகம் வரும். நானும் ஓட்டிப் பார்த்தேன். முடியையும் புருவத்தையும் கண்வெள்ளையையும் விலக்காமல் விட்டதால் சராசரி கெட்டு, அவள் சற்றுப் பச்சையாகிவிட்டாள். விலக்கியபின் நன்றாகவே வந்தது. ஆனாலும் சராசரி என்பது யாருடைய முகமும் அல்ல. அதை அடியில் ஒரு லேயராக, படலமாக வைத்துக்கொண்டு, மேலே கையால் வரைந்தேன். வரைய நான் புழங்குவது கிம்ப் என்ற மென்பொருள். எல்லாருக்கும் இலவசமாகக் கிடைப்பது. அதிலும் வளைவும் மாஸ்க்கும் லேயரும் உண்டு.

ஒரு வார்த்தை பின்புலம் பற்றி. 1839இல் செவ்ரெல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் நிறங்களைப் பற்றிப் புத்தகம் எழுதினார். பாரிஸில் கோபலான் சாயப்பட்டறை அவர் பொறுப்பில் இருந்தது. கறுப்பு நூல் சோபையில்லாமல் தெரிகிறது என்று நெசவாளர்கள் புகார் சொன்னார்கள். சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் காரணம் என்று கண்டார். அதனால் கோடு அழிந்ததா என்று பார்க்கும் முன் திரைப் பின்னணியைச் சாம்பலாக்கிவிட வேண்டும். வெள்ளைப் பின்னணியில் எல்லாத் தோலும் அளவுக்குமேல் கறுத்துத் தெரியும். வெள்ளைச் சுவர்முன் நிற்கவைத்து எங்களை எடுத்த பள்ளிக்கூடக் குரூப் போட்டோக்கள் நினைவுக்கு வருகின்றன.

*

மதியம் கொல்லையில் மாமரம் துளிர்த்திருந்தது. சங்கப் பாடல்களில் மாமை என்றொரு சொல் வரும். தலைவியின் மேனி நிறம். மாந்தளிரின் நிறமென்று உரைகாரர்கள் சொல்வார்கள். பிரிவில் அது போய்ப் பசலை படரும், பீர்க்கம்பூவின் மஞ்சள். படித்தபோது அலங்காரம் என்று கடந்துபோயிருக்கிறேன்.

ஒரு தளிரைக் கிள்ளி மணிக்கட்டில் வைத்துப் பார்த்தேன். செம்பு. பழுப்பு. அடியில் சிவப்பு, மேலே எண்ணெய் பூசியதுபோல ஒரு மினுக்கம். காலையிலிருந்து மூன்று வளைவுகளையும் ஒரு மாஸ்க்கையும் வைத்து நான் தேடிக்கொண்டிருந்தது அப்படியே கையில் கிடந்தது. சொன்னவர் தோலை வெளிச்சத்தில் உட்காரவைத்துப் பார்த்தவராகத்தான் இருக்கவேண்டும்.

நம்மிடம் சொற்கள் நிறைய இருந்தன. மாநிறம், புதுநிறம், கறுப்பு என்று இப்போது மூன்று நான்கில் முடித்துக்கொள்கிறோம். வெளுப்பைச் சிவப்பு என்கிறோம்.

*

சிதம்பரம் போகும் ரயிலில்

பெரியமாமாவின் நெகடிவ் பெட்டியைப் பார்க்கவேண்டும் என்று கிளம்பிவிட்டேன். கடலூர் துறைமுகம் சந்திப்பிலிருந்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை. எதிர்ச் சீட்டில் ஒரு பெண் ஜன்னல் கம்பியில் கைவைத்துத் தூங்குகிறாள். வெளிச்சம் அவள் முன்கையில் விழுகிறது, முகம் நிழலில். முகமும் கையும் ஒரே நிறமில்லை. மணிக்கட்டுக்கு உள்பக்கம் ஒரு நிறம், வெளிப்பக்கம் ஒரு நிறம். வளையல் கிடக்கும் இடத்தில் மங்கிய பட்டை. உள்ளங்கை வெளிர். வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியதும் தண்ணீரிலிருந்து வந்த ஒளி மோவாய்க்குக் கீழே பட்டு, ஒரு கணம் கழுத்து முகத்தைவிடப் பளிச்சென்று தெரிந்தது.

எங்கள் ஊர் சில்வர் பீச்சில் சட்டையைக் கழற்றி வலை இழுக்கும் அண்ணன்மாருக்கு முதுகில் பனியன் தடம் இருக்கும். கச்சிதமான கோடு. அது தப்பில்லை, அது அவர்கள் வேலை செய்த வெயிலின் கணக்கு. அப்படியானால் நான் அழிக்கவேண்டியது எல்லாக் கோடுகளையும் அல்ல. மீன்காரம்மா வாழ்ந்து வராத கோட்டை மட்டும்தான்.

*

நடராசர் கோயிலில், சிவகாமசுந்தரி சன்னதி முன்மண்டபத்தில், கழுத்து வலிக்க விதானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாயக்கர் கால ஓவியங்கள். பிட்சாடனர், மோகினி, தாருகாவனத்து முனிவர்கள். பல இடங்களில் உதிர்ந்துபோயிருக்கிறது. இருக்கும் இடத்தில் முகமும் கையும் பாதமும் ஒரே நிறம், நிழல்கூடப் பெரிதாக இல்லை. தடித்த கோடு உருவத்தை அணைத்துக்கொண்டு போகிறது. ஒரே கிண்ணத்தில் குழைத்த வண்ணம் என்றுதான் பார்க்கத் தோன்றுகிறது. முகத்தை வேறிடத்திலிருந்து கொண்டுவராதவர்களுக்குக் கழுத்தில் கோடு விழாது.

இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த எஸ். கே. கோவிந்தசாமியையும் நினைத்துக்கொண்டேன். 1931இல் தஞ்சைப் பெரிய கோயிலில், கருவறையைச் சுற்றிய இருட்டுப் பாதையில், உதிர்ந்த நாயக்கர் ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதைக் கண்டவர். படத்தின்மேல் படம். பின்னாளில் தொல்லியல் துறையினர் மேல்படலத்தையும் அழிக்காமல் பெயர்த்தெடுத்துத் தனிப் பலகைகளில் பதித்தார்கள். அடியிலிருந்து வெளிவந்த காட்சிகளில் ஒன்று தில்லை அம்பலமும் ஆடும் நடராசரும். இந்த ஊர், அந்தச் சுவரில், பல நூறு ஆண்டு மூடிக் கிடந்திருக்கிறது. லேயர் என்ற சொல்லை நான் ஒரு நாளில் நூறு முறை புழங்குகிறேன். மூலப் படலத்தின்மேல் நேரடியாகத் தூரிகை வைக்கக்கூடாது என்பதைக் கருவியின் விதியாகத்தான் கற்றேன். கை கூப்பவேண்டிய விதி அது.

மாமா வீட்டில் பெட்டி இல்லை. மழையில் நனைந்து ஒட்டிப்போய், எப்போதோ எறிந்துவிட்டார்களாம். டச்சிங் மேசை மட்டும் இருந்தது. கண்ணாடியின்மேல் பேரப்பிள்ளைகள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள்.

*

கூத்தில் முகத்துக்கு அரிதாரம் பூசுவார்கள். கையில் அவரவர் தோல். விடிய விடிய யாரும் அதைக் குறையென்று சொன்னதில்லை. அங்கே முகம் துரியோதனனுடையது, கை ஆடுகிறவருடையது. இருவரையும் சேர்த்துத்தான் பார்க்கிறோம்.

*

கடலூர், இரவு

கடைசி வேலை, விளிம்பு. டெக்ஸ்சர் துண்டுகளுக்கு வெளியே வெற்றிடம் இருந்தால், உருவம் தூரத்தில் போகும்போது கணினி படத்தைச் சுருக்கும். பக்கத்து வெற்றிட நிறமும் உள்ளே கசிந்து, அழித்த கோடு திரும்ப வரும். அதனால் தோல் நிறத்தைத் துண்டின் எல்லைக்கு வெளியேயும் கொஞ்சம் இழுத்துவிட வேண்டும். தையல்காரர் உள்பக்கம் துணி விடுவாரே, அதுபோல.

இன்னொன்று, கோப்பைச் சுருக்குவது. பழைய முறையில் நாலுக்கு நாலு புள்ளிகளைக் கட்டமாக்கி, கட்டத்துக்கு இரண்டு நிறம் மட்டும் பதிந்து, மற்றதை இடைப்பட்டதாக ஊகிக்கும். சிவப்புக்கு 32 படி, பச்சைக்கு 64, நீலத்துக்கு 32. முகமும் உடம்பும் தனித்தனிக் கோப்பானதால் ஒன்று ஒரு படி மேலேயும் மற்றது ஒரு படி கீழேயும் உட்கார்ந்துவிடலாம். கழுத்தோரத்தில் இரண்டு கோப்பிலும் ஒரே எண் இருக்கும்படி மாற்றி, சுருக்கி, திரும்பத் திறந்து பார்த்தேன். மூன்று முறை. மூன்றாவது முறை கோடு இல்லை.

கடிதத்தையும் எழுதிவிட்டேன். கடலோர வெயிலில் நிற்பவள், கை இப்படி இருந்தால் முகமும் இப்படித்தான் இருக்கும் என்று. இரண்டு படங்களையும் இணைத்தேன்.

அம்மா சாப்பிடக் கூப்பிட வந்தாள். திரையில் மீன்காரம்மாவைச் சுற்றவிட்டேன். மெதுவாகத் திரும்பினாள்: முகம், கழுத்து, தோள், கை. அம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"இப்பச் சரி. நம்ம புதுநகர் மார்க்கெட்ல பாத்தாப்புல இருக்கு." பிறகு, "முழங்கை இப்படியா இருக்கும்?" என்று தன் கையை மடக்கி, முட்டியை விளக்கடியில் காட்டினாள். கறுத்து, காய்த்து, சுருக்கத்துக்குள் சுருக்கமாக. அறுபத்தெட்டு வருஷம் தரையில் ஊன்றி எழுந்த முட்டி.

கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். புதிய லேயர் ஒன்றைத் திறந்தேன்.